சிரிப்பக்கா சிரிக்கவில்லை

போன வாரம் ஒரு கதவு சாத்தப்பட்ட சத்தத்தோடு எழுந்து போனோம். சாத்தியவள் சிரிப்பக்கா. வெளியே நின்றவர் அவள் கணவர் பாதியார். அந்தக் கதவு அப்புறம் எத்தனையோ தடவை திறந்து மூடியாயிற்று, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு மட்டும் திறக்கவில்லை. உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட மகள்தான் நடுவில் நின்று இங்கிருந்து அங்கே கடத்த வேண்டியிருந்தது.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்திருக்கும் கண்களுக்காக ஒரு வார்த்தை. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதியார் மேடைக் கலைஞர். ஒரே ஆளாக நின்று புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவார். இடது பக்கம் பூப்போட்ட கவுன், பாதி டோப்பா, ஒற்றைத் தோடு. வலது பக்கம் கறுப்புக் கோட்டு, பாதி டை, பாதி மீசை. இந்தப் பக்கம் திரும்பினால் குயில் குரலில் மனைவி. அந்தப் பக்கம் திரும்பினால் தகர டப்பா குரலில் கணவன். ஒட்டு மீசை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதவர்கள் கிடையாது. மாட்டார். சொந்த மீசையில் ஒரு பாதியை வழித்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். மறுநாள் காய்கறிக் கடைக்கும் அதே பாதி மீசையோடு போய்க் கத்தரிக்காய் பொறுக்குவார். "ஒட்டிக்கிட்டா அது வேஷம். வழிச்சுக்கிட்டா அது தொழில்" என்பது அவர் கட்சி.

சிரிப்பக்காவின் தொழில் இன்னும் வேடிக்கை. தொலைக்காட்சி அரங்கில், பார்வையாளர்களோடு பார்வையாளராக மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, முதல் சிரிப்பைத் தொடங்கி வைப்பாள். ஜோக் சொன்னதும் எந்தச் சபையும் ஒரு நொடி தயங்கும், நமக்கு மட்டும்தான் புரியவில்லையோ என்று. அந்தத் தயக்கத்துக்குள் அவள் புகுந்துவிடுவாள். படிக்கட்டில் எவர்சில்வர் பாத்திரங்கள் உருண்டது மாதிரி ஒரு சிரிப்பு. அப்புறம் சபைக்குத் தைரியம் வந்துவிடும்.

அவள் வேலை பார்க்கும் நிகழ்ச்சியின் பெயர் 'கிறுக்கு மேடை'. ஊருக்கு ஒருவர் இருப்பாரே, யாரும் செய்யாததைச் செய்துகொண்டு, அதுவே உயிர் என்று திரிகிறவர். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, சோபாவில் உட்கார வைத்து, பன்னீர் தெளிக்காத குறையாக வரவேற்று, பிறகு கிண்டலால் பிடுங்கி எடுப்பார்கள். பல வருடமாக எந்த மேடையும் கூப்பிடாத பாதியாரை அவர்கள் கூப்பிட்டார்கள். அக்கா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். "அவங்க பாக்க நினைக்கறது உங்க வித்தையை இல்லீங்க, உங்களை" என்றாள். அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "போவேன்." அதற்குத்தான் கதவு.

இன்று அந்தப் பதிவு நாள்.

அக்கா விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். மகள் குளித்துவிட்டு வந்தபோது அப்பா கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் முழு அலங்காரத்தில் நின்றுகொண்டிருந்தார். கவுனை இஸ்திரி போட்டிருந்தார். கோட்டின் பொத்தான்கள் பளபளத்தன. அவள் ஒரு நிமிடம் சந்தோஷமாகப் பார்த்தாள். அப்புறம் எங்கேயோ இடித்தது.

"அப்பா, மீசை எங்க?"

"இருக்கற இடத்துல இருக்கு."

"கவுன் எந்தப் பக்கம்?"

பாதியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கவுன் பக்கத்தில் அடர்த்தியாக ஒரு மீசை. கோட்டுப் பக்கம் குழந்தை கன்னம் மாதிரி மழமழவென்று இருந்தது.

நடந்தது இதுதான். இத்தனை வருடமும் அவருக்கு வழித்து விட்டவள் அக்கா. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என் வலது கைப்பக்கம், என் வலது கைப்பக்கம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்வாள். அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு நின்றுபோன வாரத்தில் யாரிடம் போய் முகத்தை நீட்டுவது? தானே கத்தியை எடுத்தார். காதில் தங்கியிருந்த அந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே தன்னுடைய வலது கைப்பக்கத்தை வழித்துவிட்டார். எதிரே உட்கார்ந்தவளுக்கு வலது, தனக்கு இடது என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மிச்சத்தையும் வழித்துவிடலாம் என்றாள். வழித்தால் இரண்டு பக்கமும் பெண்டாட்டி ஆகிவிடும், புருஷனுக்கு எங்கே போவது என்றார். உடுப்பை மாற்றித் தைக்க நேரமில்லை. மேக்கப் அறையில் ஒட்டு மீசை இருக்கும் என்று மெதுவாக ஆரம்பித்தாள். அவர் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிவிட்டாள்.

"இப்படியே வர்றேன்" என்றார்.

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். சிரிக்க வைக்கறதுதானம்மா என் பொழப்பு. ஆனா எப்ப சிரிக்கணும்னு நான் சொல்லுவேன். நிகழ்ச்சி நடத்தறவன் சொல்லக் கூடாது."

மகள் போய் ஸ்கூட்டரை எடுத்தாள்.

பின்னால் பாதியார் கவுனை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சாலையின் ஒரு பக்கம் நடந்தவர்கள் மீசை வைத்த ஒரு மாதரசியைப் பார்த்தார்கள். மறுபக்கம் இருந்தவர்கள், கோட்டுப் போட்ட சவரம் செய்த கனவான் ஏதோ அலுவலகம் போகிறார் என்று நினைத்துச் சும்மா இருந்தார்கள். சிக்னலில் பேருந்து ஜன்னலோரம் ஒருவன் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தான். பாதியார் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று தோட்டைச் சரி செய்துகொண்டார்.

மகளுக்கும் அதே கட்டிடத்தில்தான் வேலை. பதிவான காட்சிகளை வெட்டி ஒட்டிச் சீராக்குகிற எடிட்டர். இன்றைய பதிவை மதியம் அவள்தான் வெட்ட வேண்டும், நாளை ஒளிபரப்பு. அதனால் அப்பாவைத் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு, அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவர் குக்கர் அம்மா. சமையலறைச் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே செய்கிறவர். குக்கர் விசில், மிக்சி, தாளிப்பு, குழாயில் காற்று மட்டும் வருகிற சத்தம், எல்லாம். உண்மையிலேயே பெரிய வித்தை அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடுப்பை அணைக்க எழுந்து ஓடிவிடுவீர்கள். அவர் ஒரு விசில் கொடுத்து நிறுத்தியதும் தொகுப்பாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார், வீட்டில் கேஸ் செலவை மிச்சம் பிடிக்க இவரையே அடுப்பில் ஏற்றிவிடுவார்களா என்று.

கேமராவுக்குப் பின்னால் நின்ற தளப் பொறுப்பாளர் அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஒரு விரல் என்றால் சின்னச் சிரிப்பு. விரித்த உள்ளங்கை என்றால் பாத்திரம் மொத்தமும் உருள வேண்டும். இப்போது விரிந்தது உள்ளங்கை.

அந்த நேரம் பார்த்துத் திரை லேசாக விலகியது. இடுக்கில் அக்கா தன் புருஷனைப் பார்த்துவிட்டாள். கவுன் பக்கத்து மீசையையும் பார்த்தாள்.

எப்படி நடந்தது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முன்னால் அவர் தனியாக நின்றிருப்பார். அவள் சொல்லுகிற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நின்றிருப்பார். அந்த முகத்தில் இன்றுவரை வேறு கத்தி பட்டதில்லை. அக்காவின் வாய் திறக்கவே இல்லை.

அவள் சிரிக்கவில்லை. ஆகவே சபையும் சிரிக்கவில்லை.

அரங்கத்தின் குளிர்சாதன இரைச்சல் அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லாருக்கும் கேட்டது. தொகுப்பாளர் அதே ஜோக்கை வேறு விதமாகத் திருப்பிச் சொன்னார். உள்ளங்கை மறுபடி விரிந்தது. அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். நிதானமாகக் குடித்தாள். மூடியைத் திருகினாள். தளப் பொறுப்பாளர் குனிந்தபடியே ஓடிவந்து, தொண்டை சரியில்லையா அக்கா என்று காதைக் கடித்தார்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஜோக்குதான் சரியில்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் மூன்று வரிசைக்குக் கேட்டது.

பாவம் குக்கர் அம்மா. சபை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மூடி கழன்ற மிக்சியில் சட்னி சுவரெல்லாம் தெறிப்பதை யாரும் கேட்காமலேயே செய்து காட்டினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. 'கிறுக்கு மேடை'யில் வந்தவருக்குக் கைதட்டு விழுந்ததை மகள் இதற்கு முன் வெட்டியதாக ஞாபகமே இல்லை.

அடுத்தது பாதியார்.

சோபாவில் உட்காரச் சொன்னார்கள். நிற்கிறேன் என்றார். தொகுப்பாளருக்கு இப்போது வியர்க்க ஆரம்பித்திருந்தது. மேடையில் வியர்த்தவனுக்கு ஈவிரக்கம் இருக்காது, தெரியுமல்லவா? பாதி வேஷத்துக்குப் பாதிப் பேர் பார்த்தால் போதுமா என்றார். அமைதி. வீட்டில் அம்மா எந்தப் பாதியைக் கட்டிக்கொண்டார் என்றார். அமைதி. அந்த அம்மா மூன்றாவது வரிசையில் தன் கைவிரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தொகுப்பாளர் கண்ணில் மீசை பட்டது.

"ஐயோ சார், மீசை வழி தெரியாம பக்கத்து வீட்டுல வந்து உக்காந்துருக்கே. வயசானா இதெல்லாம் சகஜம். வீட்டுல யாராவது சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

கதவோரம் நின்ற மகள், உள்ளே ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தாள்.

பாதியார் கவுன் பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்பினார். இடுப்பில் கை வைத்தார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு அந்தக் குயில் குரல் வந்தது.

"என்ன முழிக்கறீங்க? கல்யாணம் ஆன புதுசுல இது அவர்கிட்டதான் இருந்துச்சு."

சட்டென்று கோட்டுப் பக்கம். மழமழ கன்னம், தொங்கிப்போன தோள். "அவ கேட்டா. குடுத்துட்டேன்."

கவுன் பக்கம். "கேக்கல. ஜெயிச்சேன்."

கோட்டுப் பக்கம். "வெளியூர் போறப்பவாவது குடுடின்னு கேட்டுப் பாத்தேன்."

கவுன் பக்கம். "தொலைச்சுட்டு வந்து நிப்பாரு."

சபையில் ஒரு முனகல் ஓடியது. பாதியார் மறுபடி கோட்டுப் பக்கம் திரும்பினார். தகர டப்பா குரல் இந்தத் தடவை கொஞ்சம் தணிந்து வந்தது.

"ஒரு வாரமா என்கூடப் பேச மாட்டேங்கறா. நானே வழிச்சுக்கிட்டேன். அவ எதிர்ல உக்காரலன்னா எனக்கு எது எந்தப் பக்கம்னே தெரியலங்க."

கவுன் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்பிள்ளை உடனே பேசவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, கூட்டத்தை ஓரக்கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்து, மூன்றாவது வரிசை ஓரத்தில் பார்வையை நிறுத்தினாள்.

"இப்பவாவது தெரிஞ்சுதா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத் தெரியாத ஒன்று அது. சிரிப்பக்கா நிஜமாகச் சிரித்தால் சத்தமே வராது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், மூச்சு முட்டும். ஒரு சின்ன ஒலிகூட வெளியே வராது. அப்படித்தான் முன்னால் சாய்ந்து, முந்தின இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

ஆகவே தொடங்கி வைக்க ஆள் இல்லை. சபை அந்த ஒரு நொடி தயங்கியது.

பின்வரிசையில் யாரோ ஒரு கனத்த ஆள் முதலில் வெடித்தார். அப்புறம் நடுவில் ஒரு பெண். அப்புறம் எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாமல் அரங்கம் முழுக்கச் சிரித்தது. கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. தளப் பொறுப்பாளர் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார்.

இதுதான் சமயம் என்று தொகுப்பாளர் வாயைத் திறந்தார். பாதியார் கோட்டுக் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"இருங்க தம்பி. அவங்க சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் நீங்க."

மதியம்.

மகள் எடிட்டிங் அறையில் பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தயாரிப்பாளர் உள்ளே வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கழுத்து வளைந்துபோனவர். தொகுப்பாளர் ஒருபுறம் குதிக்கிறார் என்றார். அவருடைய ஜோக்குகள் எல்லாம் செத்துக் கிடப்பதாகவும், இதை அப்படியே போட்டால் நிகழ்ச்சியை மூட வேண்டியதுதான் என்றும் புலம்பினார். பிறகு வழியையும் அவரே சொன்னார். பாதியார் பேசிய புருஷன் பெண்டாட்டி வசனத்தை எடுத்துவிட வேண்டும். மீசை இடம் மாறி முழித்துக்கொண்டு நிற்கிற பாதியார் மட்டும் போதும். ஜோக்குகளுக்குப் பின்னால் சிரிப்பு வேண்டும். அதற்கென்ன பஞ்சம்? இத்தனை வருடப் பதிவில் அக்காவின் சிரிப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே.

"எடுத்து ஒட்டும்மா. உனக்குத் தெரியாத வேலையா?"

மகள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவைக் கிண்டல் செய்கிற இடத்தில் அம்மாவின் சிரிப்பு. அதை ஒட்டப் போவது தன் கை. நாளைக்கு ஊர் முழுக்கப் பார்க்கும். புருஷனை நடுவில் நிறுத்தி வைத்துப் பெண்டாட்டி பாத்திரம் உருட்டிச் சிரித்ததாக என்றைக்கும் இருக்கும்.

"எங்கம்மா இன்னைக்குச் சிரிக்கல சார்."

"அவங்க சிரிப்புதானே?"

"வேற நாள்ல வேற ஆளுக்குச் சிரிச்சது. அதை எடுத்து எங்கப்பா தலையில கொட்ட மாட்டேன்."

தயாரிப்பாளர் நயமாகச் சொன்னார், பயமுறுத்திச் சொன்னார், வேலை போய்விடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியில் கைபேசியை எடுத்துப் பக்கத்துக் கட்டிடத்து எடிட்டரை வரச் சொன்னார். மகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அந்த எடிட்டர்தான். அவள் அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

அதற்குள் படியேறி வந்துவிட்டார்கள் இரண்டு பேரும். பாதியார் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். கீழே தளப் பொறுப்பாளர் வாயிலிருந்து விஷயம் ஏற்கனவே கசிந்திருந்தது. தயாரிப்பாளருக்கு அக்காவைப் பார்த்ததும் தெம்பு வந்தது. பழைய ஆள், புரிந்துகொள்வாள் என்று நினைத்தார்.

"அக்கா, நீங்களாவது உங்க பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்க."

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

"மூணாவது வரிசை நாற்காலி உங்களோடது சார். நாளையிலேர்ந்து வராதேன்னா வரல. ஆனா என் சிரிப்பு என்னோடது. குக்கர் அம்மாவுக்கும் ஒட்டக் கூடாது, எங்க வீட்டு ஆளுக்கும் ஒட்டக் கூடாது. ஒட்டினா, அது நான் சிரிச்சதில்லைன்னு தெருத் தெருவா நின்னு சொல்லுவேன். இந்தக் குரலை அடையாளம் தெரியாதவங்க யாரும் இந்த ஊர்ல இல்ல."

அன்றைக்குப் பாதியார் பேச வேண்டியதை எல்லாம் இரண்டு குரலில் பேசியாகிவிட்டது. பெண்டாட்டியின் முகத்தை மட்டும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். அந்த எடிட்டர் வந்து நின்றார். உள்ளே இருக்கிற முகங்களைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ விளங்கிவிட்டது. தயாரிப்பாளர் அவசர அவசரமாக, இந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு உட்காருங்கள் என்றார்.

அவர் வந்து மகளின் நாற்காலி முதுகில் கை வைத்தார்.

மகள் எழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. காலால் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, ஒரு தடவை முழுசா பாருங்க. ஒண்ணையும் வெட்டாம, ஒண்ணையும் ஒட்டாம. பாத்த பிறகும் என்னை எழுப்பணும்னு தோணுச்சுன்னா எழுப்புங்க."

அவர் யோசித்தார். தயாரிப்பாளரைப் பார்த்தார், கவுனும் கோட்டுமாக நிற்கிற பெரியவரைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் விளக்குகள் எரிந்தன, தொகுப்பாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு முதல் ஜோக்கைச் சொன்னார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. தயாரிப்பாளர் மட்டும், இத்தனை வருடப் பழக்கத்தில், சிரிக்கலாமா என்று சிரிப்பக்காவின் முகத்தைப் பார்த்தார்.